மாவுக்கோட்டுக்கு அந்தப்புறம்

வியாழக்கிழமை, வெயில் ஏறாத காலை. கியோனி ஒரு பழைய லாரி டயரை உருட்டிக்கொண்டு நேரே படுக்கையறைக்குள் போனான். அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி மசெங்கோவுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. கொல்வேசி ஊரில், அதிலும் இந்தக் கிபங்குப் பேட்டையில், டயரைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகிறவன் யாரையோ கொல்லத்தான் கொண்டுபோகிறான். அதைக் கொளுத்திக் குழிக்குள் விட்டால் அடியில் இருக்கிறவன் கதை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

குழி அந்த அறையின் நடுவில் இருந்தது. ஒன்பது மாதத்துக்கு முன்புவரை அங்கே கட்டில் கிடந்தது. பேட்டையில் எவனோ கக்கூஸுக்குத் தோண்டப்போய்க் கரண்டுக் கார் பாட்டரிக்குப் போகிற கோபால்ட் அகப்பட்டது. உடனே ஊருக்கே பைத்தியம் பிடித்து அவரவர் வீட்டுத் தரையைப் பிளந்தார்கள். 'கறுப்பு' என்று அதற்குச் செல்லப் பெயர். கியோனியின் குழி நேர்கீழே இருபத்தைந்து மீட்டர் இறங்கி, அடியில் மேட்டுப்பக்கமாகத் திரும்பிச் சுரங்கமாக ஓடியது. கால் வைக்கச் சுவரில் குடைந்த பொந்துகள், இடுப்பில் ஒரு கயிறு, நெற்றியில் ஒரு விளக்கு. அதற்கு மேல் எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

அந்த அறைக்குள் மசெங்கோ ஒன்பது மாதமாகக் கால் வைக்கவில்லை. பெண் வாடை பட்டால் கறுப்பு வெட்கப்பட்டு ஆழத்துக்குப் போய்விடுமாம். எவன் கண்டுபிடித்தானோ தெரியாது, பேட்டை முழுக்க அதுதான் சட்டம். தன் வீட்டில், தான் பிள்ளை பெற்ற அறையில், தனக்கே இடமில்லை. அறை வாசலில் ஒரு சீலைத்துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அவள் உலகம் அந்தத் திரைக்கு இந்தப்பக்கத்தோடு சரி.

மேட்டுப்பக்கம் நாலு வீடு தள்ளி லுகொண்டேயின் வீடு. லுகொண்டே மசெங்கோவின் கூடப்பிறந்த அண்ணன். அப்பன் செத்தபிறகு அவளைத் தோளில் தூக்கிச் சுமந்து வளர்த்தவன். அவன் வீட்டுக் கூடத்திலும் ஒரு குழி, அவனுக்கும் நாலு ஆட்கள். திங்கட்கிழமை சாயங்காலம் பூமிக்கடியில் மச்சான் ரெண்டு பேருடைய சுரங்கமும் முட்டிக்கொண்டன. முட்டிய இடத்தில் தொடை கனத்துக்குக் கறுப்பு. இத்தனை மாதத்தில் எவன் கண்ணிலும் படாத கனம்.

இப்படி முட்டிக்கொண்டால் அதற்கும் ஒரு முறை உண்டு. ரெண்டு தரப்பும் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, முட்டிய இடத்தில் சோளமாவால் கோடு கிழிக்க வேண்டும். கோட்டுக்கு இந்தப்பக்கம் எனக்கு, அந்தப்பக்கம் உனக்கு. மச்சான்கள் ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்துக்கொண்டேதான் கோடு போட்டார்கள். ஒரே தகரக் குவளையில் சாராயமும் குடித்தார்கள். செவ்வாய் காலை இறங்கிப் பார்த்தால் கோட்டைக் காணோம்.

கோட்டை அழித்து என் பங்கில் கை வைத்துவிட்டான் என்று கியோனி சொன்னான். அழித்தது நீதான் என்று லுகொண்டே சொன்னான். மேலேயிருந்து தண்ணீர் சொட்டி மாவு கரைந்திருக்கலாம். அதை யோசிக்க எவனுக்கும் பொறுமை இல்லை. வேறு சமயமாக இருந்தால் குழிக்காரர்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்து, ஒரு வாரம் வாயடித்து, ரெண்டு கோழி அடித்துத் தின்று தீர்த்திருப்பார்கள். இந்தத் தடவை வாரம் ஏது? சனிக்கிழமை மதில் மூடுகிறது.

அந்த மதிலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. தலைநகரத்தில் எந்த மகராசன் கையெழுத்துப் போட்டானோ, கிபங்குப் பேட்டை மொத்தமும் ஒரு கம்பெனிக்கு என்று காகிதம் வந்தது. பேட்டையைச் சுற்றி மூன்று பக்கம் மதில் எழும்பிவிட்டது. நாலாவது பக்கம் சனிக்கிழமை. அதற்குப் பிறகு உள்ளே கடப்பாரையோடு நிற்பவன் திருடன், சுட்டாலும் கேள்வி இல்லை. வீட்டுக்கு ஏதோ கொடுப்பார்களாம், குழிக்கு ஒன்றும் கிடையாதாம். பாதிப் பேர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மசெங்கோவுக்கு இருபுறமும் வீடுகள் காலி.

காகிதம் வந்த வாரம் தேவாலயத்து முற்றத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிக் கம்பெனிக்காரர்கள் படம் காட்டினார்கள். வெள்ளைக் கார் ஒன்று சத்தமில்லாமல் போகிறது. பின்னால் ஒரு பொட்டுப் புகை இல்லை. ஒரு குழந்தை மூச்சை நன்றாக இழுத்துவிட்டுச் சிரிக்கிறது. "பாத்தீங்களா, உங்க மண்ணுதான் உலகத்தோட காத்தையே சுத்தமாக்கப் போகுது" என்றாள் கம்பெனியிலிருந்து வந்த அம்மாள்.

மசெங்கோ எழுந்து நின்றாள். "அந்த உலகத்துல எங்க பேட்டை சேர்த்தியா, இல்லையா மேடம்?" என்று கேட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "இல்ல, தலைக்கு மேல உங்க சுரங்கத்துக்குக் கரண்டுக் கம்பி போகுது. என் வீட்டுல மண்ணெண்ணெய் விளக்குதான் எரியுது. அதான் கேட்டேன்." அந்த அம்மாளும் சிரித்தாள், நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டாள், காரில் ஏறிப் போனாள். அந்தக் கார் நன்றாகவே புகை விட்டது.

அப்படி மூன்று நாள் கெடு வைத்து ஆட்களை ஒரே குழியில் அடைத்தால் என்ன நடக்கும்? புதன்கிழமை தெருவில் அடிதடி. லுகொண்டே குத்திய குத்தில் கியோனிக்கு முன்பல் ரெண்டு போயிற்று. மண்வெட்டி வீசியதில் லுகொண்டேயின் ஆள் ஒருத்தனுக்குக் காது கிழிந்து தொங்கியது. நடுவில் புகுந்த மசெங்கோவின் நெற்றி பிளந்தது. அது யார் வீசிய கல் என்று அவளுக்கே தெரியாது. மகள் மலாய்காவைக் கன்னியர் மடத்துப் பள்ளியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு அவள் கும்பிட்டதெல்லாம் ஒன்றைத்தான். சனிக்கிழமைவரை இந்த ரெண்டு கடாக்களும் உயிரோடு இருக்க வேண்டும். மதில் மூடட்டும், கறுப்பு மண்ணாய்ப் போகட்டும், புருஷனும் அண்ணனும் மிஞ்சினால் அவளுக்குப் போதும்.

இப்போது டயர் வந்து நிற்கிறது.

"மலாய்கா அப்பா, என்ன இது?"

"டயரு."

"கண்ணு தெரியுது எனக்கு. எதுக்குன்னு கேட்டேன்."

"உங்கண்ணனுக்குக் காலைல குளிருதாம். கணப்புப் போட்டுக் குடுக்கலாம்னு." பல் போன இடத்தில் காற்று சீறியது. அப்படியும் அவன் சிரித்தான்.

"அவன் கீழ இருக்கான்யா."

"தெரியும். விடியறதுக்கு முன்னாடியே நாலு பேரோட இறங்கிட்டான். அதனாலதான் இன்னிக்கு." அவன் குரலை இறக்கிக்கொண்டான். "காத்து நம்ம பக்கத்துலேருந்து அவன் பக்கம் போகுது. ரெண்டு நாளும் இறங்குறப்போ பாத்தேன், முதுகுல சில்லுன்னு தள்ளுது. கோட்டுக்கிட்ட வச்சுக் கொளுத்திட்டு நாங்க ஏறிடுவோம். ஒரு பொட்டுப் புகை இந்தப்பக்கம் வராது. சாயங்காலம் போனா மொத்தக் கறுப்பும் நம்முது."

"அஞ்சு பேருய்யா! கட்டினவளோட அண்ணன்யா அவன்!"

"என் பல்லை உடைச்சப்போ அவனுக்கு அது ஞாபகம் வந்துச்சா?"

அவள் காலைப் பிடித்தாள். பிறகு கெட்ட வார்த்தையில் திட்டினாள். அவன் ஏழு தலைமுறையை இழுத்தாள். கியோனி கன்னத்தில் விட்ட அறையில் நெற்றிக் கட்டு அவிழ்ந்து ரத்தம் மறுபடி கண்ணில் இறங்கியது. "பன்சா!" என்று அவன் தன் ஆளைக் கூப்பிட்டான். பன்சா கயிறு பிடிக்கிறவன், எருமைத் தோள். "இவ வாசலைத் தாண்டக்கூடாது. தாண்டினா காலை உடை, நான் பாத்துக்கறேன்."

பன்சா தெருவாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கத்தினால் கேட்பதற்கு அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. மசெங்கோ அடுப்படியில் போய் உட்கார்ந்து ஒரு நிமிஷம் அழுதாள். அதற்கு மேல் அழ நேரமில்லை. எழுந்து தீப்பெட்டியை எடுத்து மாவுப் பானைக்குள் புதைத்தாள். அடுப்புத் தணலில் தண்ணீரை ஊற்றினாள். கியோனி கூடத்தில் கடப்பாரையைக் கூர் பார்த்துக்கொண்டிருந்தபோது, மண்ணெண்ணெய் டப்பாவைப் பின்சுவர் ஓட்டை வழியாகச் சத்தமில்லாமல் கவிழ்த்தாள்.

கியோனி வந்து டப்பாவை ஆட்டிப் பார்த்தான். காலி. அவளைப் பார்த்தான்.

"விளக்கு எரிஞ்சா தீராதா? அந்தக் கம்பெனிக்காரங்க கரண்டு குடுத்திருந்தா மிச்சமிருக்கும்" என்றாள். அதற்கும் ஒரு அறை விழுந்தது. பரவாயில்லை.

உம்பா என்ற இன்னொரு ஆளை மண்ணெண்ணெய்க்கு அனுப்பினார்கள். பேட்டைக் கடைகளெல்லாம் சாமான் ஏற்றிப் போய்விட்டன. அவன் பெரிய சாலைவரை நடக்க வேண்டும். "அதுவரைக்கும் சாப்பிடுங்க, வெறும் வயித்துல இறங்காதீங்க" என்று நனைந்த அடுப்பை மறுபடி மூட்ட உட்கார்ந்தாள். அதற்குத் தீ வேண்டுமே? தீப்பெட்டியைத் தேடுவதாக அரைமணி ஓட்டிவிட்டுத்தான் அதை எடுத்தாள். கியோனி சாராயத்தைத் திறந்தான். பொழுது ஏறியது. அந்த ஊரில் குளிர்காலமான ஜூலையின் காலைக் குளிர் போய்த் தகரக் கூரை சுடத் தொடங்கியது. ஒவ்வொரு நிமிஷமும் அவளுக்குள் ஒரே எண்ணம்தான். அண்ணன் சாப்பாட்டுக்கு மேலே வருவான், வந்துவிட வேண்டும்.

உச்சிவெயிலில் உம்பா வந்தான். கியோனி அவள் கிண்டிய களியைத் தொடவில்லை. ஈரத்துணியை முகத்தில் கட்டி, கடப்பாரையை எடுத்துக்கொண்டு உம்பாவோடு திரைக்குப் பின்னால் போனான். டயரைக் கயிற்றில் இறக்கும் சத்தம் கேட்டது. பன்சா உள்ளே குழிவாயில் நின்று கயிறு விட்டான். இனி வாசலில் யாரும் இல்லை, ஓடிவிடலாம் என்று அவள் எழுந்தாள். எழுந்தவள் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

திரை வெளிப்பக்கமாக உப்பியிருந்தது.

வீட்டோடு கிடக்கிறவளுக்குத்தான் இது தெரியும். சுரங்கம் ரெண்டும் சேர்ந்ததிலிருந்து, காலைக் குளிரில் அந்தத் துணி குழியைப் பார்த்து உள்ளே இழுபடும். வெயில் ஏறியதும் கொஞ்ச நேரம் அசையாமல் தொங்கும். உச்சி தாண்டினால் வெளியே உப்பி, அடிமண் நாற்றத்தைக் கூடத்துக்குள் தள்ளும். செவ்வாயும் பார்த்தாள், புதனும் பார்த்தாள். குளிர்ந்த வேளையில் பள்ளத்திலிருக்கும் இவர்கள் வீடு மூச்சை இழுக்கிறது, சூடானால் மேட்டிலிருக்கும் அண்ணன் வீடு இழுக்கிறது. ஆம்பளைகள் இறங்கியது ரெண்டு நாளும் காலையில்தான். செவ்வாய் சண்டையிலும் புதன் அடிதடியிலும் பகலில் எவனும் கோட்டுப்பக்கம் நிற்கவேயில்லை. அவர்களுக்குத் தெரிந்தது காலைக் காற்று மட்டும்.

காலையில் கொளுத்தியிருந்தால் அண்ணன் செத்திருப்பான். இப்போது கொளுத்தினால் புருஷன் சாவான். இவ்வளவு நேரம் இழுத்தடித்தது அவள்தான்.

"பன்சா! காத்து திரும்பிடுச்சுடா! கொளுத்த வேணாம்னு சொல்லு!"

"போய்ப் பாத்திரம் கழுவு, மலாய்கா அம்மா."

"திரையைப் பாருடா, குருட்டு நாயே! காத்து கீழேருந்து வருது!"

"குழியைப் பத்தி உனக்கென்ன தெரியும்? நீ இறங்கியிருக்கியா? உங்கண்ணன் சொல்லிக் குடுத்தானா இதை?"

மசெங்கோ திரையைப் பிய்த்தெறிந்துகொண்டு உள்ளே பாய்ந்தாள். குழிவாயில் குப்புற விழுந்து தலையை உள்ளே விட்டுக் கத்தினாள். "மலாய்கா அப்பா! கொளுத்தாதீங்க! புகை நம்ம பக்கம் வரும்!" பன்சா அவள் தலைமயிரைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். "பொம்பளை வந்துட்டாளே குழிக்கு, எல்லாம் நாசம்" என்று விலாவில் உதைத்தான். அவள் கையில் களித் துடுப்பு இன்னும் இருந்தது. அதை அவன் முகத்தில் ஓங்கி அடித்தாள். மூக்கு உடைந்து அவன் வாயெல்லாம் ரத்தம். அவன் விடவில்லை. தலையைப் பிடித்துத் தரையில் மோதினான்.

கீழேயிருந்து கியோனியின் குரல் வந்தது. "யாருடா அது, பொம்பளைச் சத்தம்?"

"நான்தான்யா! காத்து திரும்பிடுச்சு! மேல வந்துடு, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

அப்புறம் சிரிப்பு. "அண்ணன் மேல அவ்வளவு பாசமாடி? இருடி, வேலையை முடிச்சிட்டு வந்து உன்னைப் பேசிக்கறேன்." குரல் சுரங்கத்துக்குள் தள்ளித் தள்ளிப் போய் அடங்கியது.

அவள் கத்திக்கொண்டே இருந்தாள். பன்சா அடித்துக்கொண்டே இருந்தான். எவ்வளவு நேரமோ, திடீரென்று அவன் கை நின்றது. குழியிலிருந்து கறுப்பாக, கெட்டியாக, ரப்பர் நாற்றத்தோடு புகை எழும்பிக் கூரையை முட்டியது. பன்சா அவள் மயிரை விட்டுவிட்டு, உடைந்த மூக்கோடு சின்னப்பிள்ளை மாதிரி அவளைப் பார்த்தான். "இப்பப் பாருடா, நல்லாப் பாரு!" என்று அவள் அவன் முகத்தில் காறித் துப்பினாள்.

கயிறு ரெண்டு தடவை இழுபட்டது. இழுங்கள் என்று அர்த்தம். ரெண்டு பேரும் பாய்ந்து இழுத்தார்கள். அவள் பொம்பளை என்பது அப்போது எவன் ஞாபகத்திலும் இல்லை. இருமி இருமி, கண் சொருகி, உம்பா வந்து விழுந்தான். கறுப்பாக வாந்தி எடுத்தான். மசெங்கோ அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அவர் எங்கடா? சொல்லுடா!"

"டயரு... சுரங்கத்தை அடைச்சுக்கிட்டு எங்களுக்கு முன்னாடி உருண்டுச்சு. காத்து எந்தப் பக்கம்னே தெரியல" என்றான் உம்பா மூச்சுக்கு நடுவே. "பத்த வச்சதும் மூஞ்சில அடிச்சுது. நான் திரும்பி ஓடியாந்தேன். அவர் நெருப்பைத் தாண்டி அந்தப்பக்கம் குதிச்சிட்டாரு."

அந்தப்பக்கம். கோட்டுக்கு அந்தப்பக்கம் காற்று நல்ல காற்று. மேட்டு வீடு இழுக்கிற காற்று. புருஷன் உயிரோடு இருக்கிறான், ஆனால் அண்ணன் சுரங்கத்தில். இந்தக் குழி வழியாக இனி எவனும் இறங்க முடியாது. நெருப்பும் வெக்கையும் எப்போது அவனைத் தொடுமோ, பாறை எப்போது வெடித்து விழுமோ தெரியாது. அவனைத் தூக்கிக்கொண்டு வரக்கூடியவன் உலகத்திலேயே ஒருத்தன்தான். மசெங்கோ ஓடினாள்.

லுகொண்டேயும் ஆட்களும் சாப்பாட்டுக்கு மேலே வந்திருந்தார்கள். கூடத்தில் குழியைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் களியும் கீரையும் கருவாடும். அண்ணன் உயிரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முகமெல்லாம் ரத்தமாக நின்ற தங்கையைப் பார்த்து அவன் எழுந்தான்.

"யாரு கை வச்சது?"

அவள் சொன்னாள். டயர், தீ, திரும்பிய காற்று, அந்தப்பக்கம் குதித்த கியோனி, ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடிக்குமுன் கஸ்வேகா கடப்பாரையை எடுத்துவிட்டான். லுகொண்டேயின் கயிற்றுக்காரன் அவன், காது கிழிந்தவனும் அவனேதான்.

"நல்லதாப் போச்சு. அங்கேயே வேகட்டும்" என்றான். "நீ குழிகிட்டேருந்து தள்ளி நில்லு, பொம்பளே."

"நீ மூடுடா! நான் எங்கண்ணன்கிட்டப் பேசறேன்."

லுகொண்டே சொன்னான்: "என்னைப் புகை போட்டுக் கொல்ல வந்தவனை நானே போய்த் தூக்கிட்டு வரணும். அதானே நீ சொல்றது?"

"ஆமா. அதான் சொல்றேன்." அவள் அவன் முன்னால் போய் நின்றாள். "காலைலயே கொளுத்தியிருப்பான். மண்ணெண்ணெயைக் கொட்டினது நான். தீப்பெட்டியை ஒளிச்சது நான். ரெண்டு அறை வாங்கிக்கிட்டு உச்சிப்பொழுது வரைக்கும் இழுத்தது நான். இப்ப நீ உக்காந்து களி திங்கறேன்னா அது நான் குடுத்த உசுருண்ணா. உனக்கு உசுரைக் குடுக்கப்போய் அவர் உசுரை வாங்கிட்டேன். அதைத் திருப்பிக் குடு. வேற ஒண்ணும் கேக்கல."

லுகொண்டே வாயில் இருந்த கவளத்தை மென்று விழுங்கினான். கையைக் கழுவினான். "கயித்தைக் கட்டுங்கடா" என்றான்.

"அண்ணே, புத்தி பிசகிடுச்சா உனக்கு?" என்றான் கஸ்வேகா.

"அவன் செத்தா இவ என் வீட்டுலதான் வந்து உக்காருவா. ஆயுசு பூரா இவ வாயை யாருடா கேக்கறது? நீ கேக்கறியா?" ஆட்கள் ரெண்டு பேர் தங்களை மறந்து சிரித்துவிட்டார்கள். கூட வருகிறேன் என்று மட்டும் ஒருத்தனும் சொல்லவில்லை. கஸ்வேகா கடப்பாரையை நீட்டினான். லுகொண்டே அதை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தான். "இரும்பைப் பாத்தா பயந்துக்குவான். வெறுங்கையோட போறேன்."

இறங்குமுன் தங்கையின் நெற்றியைத் துடைத்துவிட்டான். "அழாதே. மூஞ்சி கோரமா இருக்கு" என்றான். இடுப்புக் கயிறு விறைத்தது, விளக்கு கீழே கீழே போயிற்று, அப்புறம் தெரியவில்லை.

மசெங்கோ குழிவாயில் உட்கார்ந்தாள். தள்ளிப் போ என்று இப்போது எவனும் சொல்லவில்லை. அடியில் லுகொண்டே கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போனது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சுரங்கத்துக்குள்ளிருந்து அவன் குரல் மங்கலாகக் கேட்டது. "கியோனி! மச்சான்! டேய் கியோனி!" கூப்பிட்டுக்கொண்டே தள்ளிப் போனான். பிறகு குரல் நின்றது. கண்டுபிடித்துவிட்டான் என்று அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இனிமே ரெண்டு பேரையும் கட்டிப்போட்டாவது சனிக்கிழமை வரைக்கும் வச்சிருப்பேன்" என்று கஸ்வேகாவிடமே சொன்னாள். கஸ்வேகா முனகினான்.

வெகு நேரம் கழித்துக் கயிறு ரெண்டு தடவை இழுபட்டது.

இழுத்தார்கள். மசெங்கோவும் கையைப் போட்டாள். ஒரே ஆள் கனம்தான். முதலில் மச்சானை அனுப்புகிறான், அண்ணன் குணம் அதுதான் என்று நினைத்துக்கொண்டாள். கரியில் முக்கியெடுத்த முகம் மேலே வந்தது. கண்ணிரண்டும் வீங்கி மூடிக்கிடந்தன, புருவம் பொசுங்கியிருந்தது. முன்பல் ரெண்டு இல்லை. வலது கையில் கடப்பாரை. விளிம்பில் அவனைத் தூக்கி உட்கார வைத்ததும், "மலாய்கா அப்பா" என்று அவள் தோளைத் தொட்டாள்.

"மசெங்கோ? நீயா?" கியோனி குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினான். "கண்ணு தெரியல. நெருப்பைத் தாண்டினப்போ வழியும் தெரியல. எப்படியோ நம்ம கயிறு அகப்பட்டுச்சு." மூச்சு வாங்கினான். பிறகு முகம் முழுக்கச் சிரித்தான். "வேலை முடிஞ்சுதுடி. காத்து திரும்பினா என்ன? நானே முடிச்சிட்டேன்."

"என்ன முடிச்சே?"

"உங்கண்ணனை. என்னைத் தேடிக்கிட்டு வந்தான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வர்றான், எவ்வளவு நெஞ்சழுத்தம் பாரு. மூச்சு விடாம உக்காந்திருந்தேன். கிட்ட வந்து மச்சான்னு என் தோளைத் தொட்டான். ஒரே அடி. மண்டை இறங்கிடுச்சு. அப்புறமும் ரெண்டு போட்டேன், சந்தேகத்துக்கு." கடப்பாரையைக் கீழே வைத்தான். அதன் முனையில் மயிர் ஒட்டியிருந்தது. "பன்சா எங்க? டேய் பன்சா, தண்ணி குடுடா."

யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. பேசியது மசெங்கோதான்.

"அவன் உன்னைத் தூக்கிட்டு வரத்தான்யா போனான். வெறுங்கையோட போனான். நான்தான் கால்ல விழாத குறையா அனுப்பி வச்சேன்."

கியோனியின் சிரிப்பு அப்படியே நின்றது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான். கருவாட்டு வாசனை அவன் மூக்குக்கு எட்டியிருக்கும், சுற்றிலும் நாலு பேர் மூச்சு விடுவதும் கேட்டிருக்கும். "மசெங்கோ," என்றான் மெல்ல, "இது யாரு வீடு?"

லுகொண்டே சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போன கடப்பாரையைக் கஸ்வேகா எடுத்தான். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொன்றை எடுத்தார்கள். நடுவில் அவள் நின்றாள்.

"தள்ளு, மலாய்கா அம்மா" என்றான் கஸ்வேகா. அவன் அழுதுகொண்டிருந்தான்.

கியோனியின் கை காற்றில் துழாவி அவள் சேலை முனையைப் பிடித்துக்கொண்டது. "மசெங்கோ, போகாதே. எனக்குத் தெரியாதுடி. சத்தியமாத் தெரியாது." அவன் சொன்னது உண்மைதான் என்று அவளுக்குத் தெரியும். மத்தியானம் அவளும் சத்தியமாகத்தான் கத்தினாள். அவன் கீழேயிருந்து சிரித்தான்.

குழிக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். விளக்கு வெளிச்சம் எதுவும் இல்லை. பிறகு குனிந்து, சேலையைப் பிடித்திருந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். அவன் பேரை ஒரு தடவை சொன்னாள், கல்யாணத்துக்கு முன்னால் கூப்பிட்ட மாதிரி வெறும் கியோனி என்று. அப்புறம் நகர்ந்து வழி விட்டாள்.